மன்னிப்பு வேறு, சமரசம் வேறு: மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்க்கை

சாதி வன்முறை நடந்த ஊர்களுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கம். எரிந்த கூரைகளின் புகை இன்னும் அடங்கியிருக்காது. ஊர் முனையில் காவல்துறை வேன் நிற்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கும். அடித்தவர்கள் தரப்பில் நான்கு பெரிய மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அடிபட்டவர்கள் சுவரோரம் நிற்பார்கள். ஒன்றாக வாழ வேண்டிய ஊர், நடந்ததை மறந்துவிடுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போட்ட வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்று பேச்சு தொடங்கும். ஊரில் தேவாலயம் இருந்தால் அந்தப் பேச்சோடு வேதாகமமும் சேர்ந்துகொள்ளும். இயேசு மன்னிக்கச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். வீடு எரிந்துபோன ஒரு மூதாட்டி சுவரோரம் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், மன்னிக்கச் சொல்கிறீர்கள், சரி, எங்களிடம் யார் வந்து மன்னிப்புக் கேட்டார்கள் என்றார். நாற்காலிகளில் இருந்து பதில் வரவில்லை. அவர் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். மன்னிப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தன்னிடம் கேட்கப்படுவது மன்னிப்புதானா என்பதே அவருடைய சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்து, அதற்குத் தன் வாழ்க்கையாலேயே விடை சொல்ல முயன்ற ஒருவர் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர், பாப்திஸ்து சபைப் போதகர், மார்ட்டின் லூதர் கிங். அவரைச் சாந்தசொரூபியாக மட்டும் காட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதனால் அவர் கதையை மன்னிப்பு என்ற ஒரே கோணத்தில் நின்று சொல்லிப் பார்க்கலாம்.

அட்லாண்டாவில் ஒரு சிறுவன்

கிங் 1929 ஜனவரி 15 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். அம்மா ஆல்பெர்ட்டா. அப்பாவும் தாய்வழித் தாத்தாவும் எபநேசர் பாப்திஸ்து சபையின் போதகர்கள். வீட்டில் வறுமை இல்லை. ஆனால் தெருவில் இறங்கினால் நிறம் வந்து முன்னே நிற்கும்.

பள்ளிக்கூடம் போகும் வயது வரை அவருக்கு வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் விளையாட்டுத் தோழனாக இருந்தான். இருவரும் வேறு வேறு பள்ளிகளில் சேர்ந்ததும், இனி உன்னோடு விளையாட அப்பா விடமாட்டார் என்று அந்தச் சிறுவன் சொல்லிவிட்டான். அன்று இரவு உணவு மேசையில்தான் பெற்றோர் அவருக்கு நிறவெறியின் கதையைச் சொன்னார்கள். அதைக் கேட்ட ஆறு வயதுப் பிள்ளை, இனி எல்லா வெள்ளையரையும் வெறுப்பது என்று முடிவு செய்தது. வெறுக்கக் கூடாது, நேசிப்பதுதான் கிறிஸ்தவக் கடமை என்று பெற்றோர் சொன்னார்கள். தன்னை வெறுக்கிறவர்களை எப்படி நேசிப்பது என்ற கேள்வி பிள்ளைக்குத் தீரவில்லை. பல ஆண்டுகள் அது அவருக்குள் கிடந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார்.

நேசிக்கச் சொன்ன அதே அப்பா குனிந்து போகிறவர் அல்ல. ஒருமுறை மகனோடு செருப்புக் கடைக்குப் போனார். பின்னால் போய் உட்காரும்படி கடைக்காரர் சொன்னதும் செருப்பு வாங்காமலேயே மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இன்னொரு முறை போக்குவரத்துக் காவலர் அவரைப் பையா என்று கூப்பிட்டார். அவர் பக்கத்தில் இருந்த மகனைக் காட்டி, பையன் இவன், நான் பெரியவன், அப்படிக் கூப்பிட்டால்தான் காது கொடுப்பேன் என்றார். எழுபது வயது தாத்தாவைப் பதினைந்து வயதுப் பையன் வாடா போடா என்று கூப்பிடும் தெருக்களை அறிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவரை நேசிப்பது, தன்னை மதிப்பது என்ற இரண்டு பாடங்களும் கிங்குக்கு ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் இருந்து கிடைத்தன.

1944இல் பேச்சுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு ஆசிரியையோடு பேருந்தில் திரும்பும்போது, வெள்ளையர் ஏறியதும் ஓட்டுநர் அவர்களை எழச் சொன்னார். கிங் உடனே எழவில்லை. ஓட்டுநர் திட்டினார். ஆசிரியை கெஞ்சிக் கேட்ட பிறகுதான் எழுந்தார். அட்லாண்டா வரை நின்றுகொண்டே வந்தார். தன் வாழ்க்கையில் அந்த இரவைப் போலக் கோபப்பட்டதில்லை என்று பின்னால் சொன்னார். மன்னிப்பைப் போதித்தவருக்குக் கோபமே வராது என்று நினைப்பவர்கள் இந்தப் பேருந்துப் பயணத்தை நினைவில் வைக்க வேண்டும்.

மோர்ஹவுஸ் கல்லூரியில் சமூகவியல், குரோசர் இறையியல் கல்லூரியில் இறையியல், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்று படிப்பு நீண்டது. 1953இல் கொரெட்டாவை மணந்தார். 1954இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் டெக்ஸ்டர் அவென்யூ சபைக்குப் போதகராகப் போனார்.

குண்டு விழுந்த வாசல்

1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். போராட்டத்துக்குத் தலைவராக 26 வயது கிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1956 ஜனவரி 30 இரவு அவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டின் முன்வாசலில் குண்டு வெடித்தது. உள்ளே கொரெட்டாவும், பிறந்து சில வாரங்களே ஆன மகள் யோலண்டாவும் இருந்தார்கள். இருவரும் உயிர் தப்பினார்கள். கிங் ஓடி வந்தபோது வீட்டைச் சுற்றிக் கூட்டம் திரண்டிருந்தது. பலர் கையில் ஆயுதம் இருந்தது. நகரத் தந்தையும் காவல் அதிகாரியும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அன்று கிங் ஒரு சொல் சொல்லியிருந்தால் நகரம் எரிந்திருக்கும். அவர் உடைந்த வாசலில் நின்று ஆயுதங்களை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். பகைவரையும் நேசிக்க வேண்டும் என்றார். கூட்டம் கலைந்தது.

இந்தக் காட்சியைப் பலரும் சொல்வார்கள். மறுநாள் காலையிலும் பேருந்துப் புறக்கணிப்பு தொடர்ந்தது என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. குண்டு வைத்தவர்களை வெறுக்கவில்லை. அதற்காகக் கோரிக்கையை ஓர் அங்குலமும் குறைக்கவில்லை. போராட்டம் 381 நாட்கள் நடந்தது. அதே நாட்களில் பேருந்துப் பாகுபாட்டுக்கு எதிரான வழக்கும் நீதிமன்றத்தில் நடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள்.

வென்ற பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. மீண்டும் பேருந்தில் ஏறுவதற்கு முன் மக்களுக்கு அறிவுரைத் துண்டறிக்கை கொடுத்தார்கள். கூட்டங்களில் ஒத்திகையும் நடத்தினார்கள். பெருமையடிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள் என்பது அதன் சாரம். 1956 டிசம்பர் 21 அதிகாலையில் கிங் முதல் பேருந்தில் ஏறினார். க்ளென் ஸ்மைலி என்ற வெள்ளைக்காரப் போதகர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோற்றவர்களையும் மனிதர்களாக மதிப்பது அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இதற்குப் பதினைந்து நாட்கள் முன்புதான், டிசம்பர் 6 அன்று, டெல்லியில் அண்ணல் அம்பேத்கர் மறைந்தார். இருவரும் சந்தித்ததில்லை. அம்பேத்கர் 1946இலேயே அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர். இரு மக்களின் துயரமும் ஒன்றே என்று கண்டவர்.

கத்தியும் கன்னத்து அடியும்

1958 செப்டம்பர் 20. மாண்ட்கோமரி போராட்டத்தைப் பற்றிய தன் நூலில் கையெழுத்திட்டுக் கொடுக்க, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கடையில் கிங் உட்கார்ந்திருந்தார். இசோலா கரி என்ற கறுப்பினப் பெண் அருகில் வந்து, கடிதம் பிரிக்கும் கூரிய கத்தியை அவர் மார்பில் குத்தினார். கத்தி முனை பெருந்தமனியை ஒட்டி நின்றது. ஒரு தும்மல் வந்திருந்தாலும் உயிர் போயிருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். படுக்கையில் இருந்தபடியே கிங், அந்தப் பெண் மீது தனக்கு வெறுப்பு இல்லை என்றும், அவருக்குத் தேவையான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றும் அறிக்கை விட்டார். கரி கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்டவர். மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

1962 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரில் இயக்க மாநாடு. மேடையில் பேசிக்கொண்டிருந்த கிங்கை, அமெரிக்க நாஜிக் கட்சியைச் சேர்ந்த வெள்ளை இளைஞன் ஒருவன் ஏறி வந்து முகத்தில் குத்தினான். மீண்டும் மீண்டும் குத்தினான். கிங் கைகளைக் கீழே தொங்கவிட்டு அவனைப் பார்த்தபடி நின்றார். ஓடி வந்த தோழர்களிடம் அவனைத் தொடாதீர்கள் என்றார். தனி அறைக்கு அழைத்துப் போய் அவனோடு பேசினார். புகார் கொடுக்க மறுத்துவிட்டார். ஆனாலும் நகர நிர்வாகம் அவன்மீது வழக்கு நடத்தி அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பார்த்தீர்களா, கிங்கே புகார் கொடுக்கவில்லை என்று சமாதானக் கூட்டத்துக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த அடி விழுந்தது அவர் கன்னத்தில். அதை மன்னிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் பேரம் பேசவில்லை. அரங்கம் முழுவதும் அவர் மக்கள். அவர் கண்ணசைத்தால் அந்த இளைஞன் உயிரோடு போயிருக்க மாட்டான். அந்த நிலையில் மன்னித்தார். தன் மக்களின் முதுகில் விழுந்த அடியை அவர்கள் சார்பில் தள்ளுபடி செய்ய அவர் ஒருநாளும் கையெழுத்துப் போடவில்லை.

மறுக்க முடியாத நிலையில் இருப்பவர் மன்னித்தேன் என்றால், அது மன்னிப்பா பயமா என்று யாருக்கும் தெரியாது. சில நேரம் அவருக்கே தெரியாது. மறுக்கும் பலம் இருந்து மன்னிக்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு எடை வருகிறது. கிங் தன் மக்களுக்கு முதலில் அந்தப் பலத்தைத் தேடித் தந்தார்.

குமரி முனையும் ஒரு பள்ளிக்கூடமும்

கத்திக்குத்தில் இருந்து தேறிய சில மாதங்களில், 1959 பிப்ரவரியில், கிங்கும் கொரெட்டாவும் இந்தியாவுக்கு வந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் சுற்றினார்கள். சென்னைக்கும் காந்திகிராமத்துக்கும் வந்தார்கள். குமரி முனையில் பாறை மீது உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் மறைய, மறு பக்கம் நிலவு எழுவதைப் பார்த்தார்கள்.

திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனதாகக் கிங் பின்னால் சொன்னார். அங்கே தலைமையாசிரியர், அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகம் செய்தார். முதலில் கிங்குக்கு அதிர்ச்சி. கொஞ்சம் கோபமும் வந்தது. பிறகு தன் நாட்டில் சேரிகளில் அடைபட்டுக் கிடக்கும் கோடிக்கணக்கான கறுப்பின மக்களை நினைத்தார். ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். 1965இல் தன் சபையில் அமெரிக்க விடுதலை நாளன்று நடந்த பிரசங்கத்தில் இதை விரிவாகச் சொன்னார்.

நம் தரப்பில் இருந்து ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கிங் இந்தியாவைப் பெரும்பாலும் காந்தியவாதிகளின் வழியாகவும் ஆட்சியாளர்களின் வழியாகவும்தான் பார்த்தார். அம்பேத்கரின் மக்கள் சொல்லும் கதை அவர் காதுக்கு அதிகம் போகவில்லை. தீண்டாமையை ஒழிப்பதில் இந்தியா வேகமாக முன்னேறுவதாக நம்பிப் போனார். கீழ்வெண்மணி நடந்தது 1968 டிசம்பரில். அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

ஆனாலும் டெல்லியில் கேட்ட ஒன்றை அவர் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் ஒரே இடத்துக்கு இருவர் போட்டியிட்டால் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு இடம் தர வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி நேரு அவரிடம் பேசினார். இதுவும் பாகுபாடுதானே என்று உடன் வந்த பேராசிரியர் லாரன்ஸ் ரெடிக் கேட்டார். இருக்கலாம், ஆனால் நூற்றாண்டுகளாகச் செய்த அநீதிக்கு இது எங்கள் பரிகாரம் என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். கிங் 1964இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டி, அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட ஈடு வேண்டும் என்று வாதாடினார்.

மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் தருவது. பரிகாரம் தவறு செய்தவர் செய்ய வேண்டியது. முதலாவதைக் கேட்டுக்கொண்டு இரண்டாவதை மறைப்பவர்கள் கிறிஸ்தவத்தைப் பாதியாக வெட்டிப் பேசுகிறார்கள். சகேயு என்ற ஆயக்காரன் இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற கதையைச் சபைகளில் சிறுவர்கள்கூடப் பாடுவார்கள். அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவன் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாகக் கதை முடிகிறது.

நான்கு சிறுமிகள்

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரில் நிறப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டம். புனித வெள்ளியன்று கிங் கைதானார். போராட்டம் பொறுப்பற்றது, இது அதற்கு நேரமல்ல, பொறுமையாக இருங்கள் என்று அந்த ஊரின் எட்டு வெள்ளை மதகுருமார்கள் பத்திரிகையில் அறிக்கை விட்டிருந்தார்கள். சிறையில் கிடைத்த செய்தித்தாளின் ஓரங்களில் கிங் அவர்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினார். மரியாதை குறையாத கடிதம் அது. ஆனால் சமரசம் இல்லாதது. முகமூடி போட்டு அடிக்கிறவனைவிட, நியாயத்தைவிட அமைதியே பெரிது என்று நினைக்கும் நல்ல மனிதர்களே தன்னை அதிகம் ஏமாற்றியதாக எழுதினார். வெள்ளையர் சபைகள் வாய் மூடி இருந்ததைச் சுட்டிக்காட்டினார்.

ஞாயிறு காலை ஆராதனை நேரம்தான் அமெரிக்காவில் நிறப் பிரிவினை மிகுந்த நேரம் என்று அவர் அடிக்கடி சொல்வார். தனிக் கல்லறைத் தோட்டம், தலித் தெருவுக்குள் வராத தேர்ப்பவனி, சாதி பார்த்து நிரப்பப்படும் பொறுப்புகள் என்று நம் சபைகளிலும் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்க விடாதவர்கள், உயிரோடு இருக்கிறவர்களை மன்னிக்கச் சொல்வதில் ஏதோ ஒன்று இடிக்கிறது.

அதே ஆண்டு மே மாதம் பிள்ளைகளே ஊர்வலம் போனார்கள். அவர்கள்மீது நாய்களை ஏவினார்கள். தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். பதினெட்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 15 ஞாயிறு காலை, பர்மிங்ஹாமின் 16ஆம் தெரு பாப்திஸ்து தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் என்ற நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். மூவருக்கு 14 வயது. டெனிஸுக்கு 11.

மூன்று சிறுமிகளின் அடக்க ஆராதனையில் கிங் பேசினார். கசப்புக்கு இடம் கொடுக்காதீர்கள், வெள்ளைச் சகோதரர்கள்மீது நம்பிக்கை இழக்காதீர்கள் என்றார். அதே பேச்சில், கொன்றவர்கள் யார் என்று மட்டும் கேட்டால் போதாது, இப்படிக் கொல்கிறவர்களை உருவாக்கிய அமைப்பையும் கேள்வி கேளுங்கள் என்றார். வசதியான ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த போதகர்களையும், வெறுப்பை விற்று ஓட்டு வாங்கிய அரசியல்வாதிகளையும் விட்டுவைக்கவில்லை.

அந்த மக்கள் கசப்பை விட்டார்கள். வழக்கை விடவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை 1968இல் யார் மீதும் குற்றம் சாட்டாமலேயே கோப்பை மூடியது. கோப்பு மறுபடி திறக்கப்பட்டு 1977இல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2001இல் இரண்டாம் ஆளுக்கு. 2002இல் மூன்றாம் ஆளுக்கு. குண்டு வெடித்து 39 ஆண்டுகள் கழித்து.

1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு 35 வயதில் கிங்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை முழுவதையும் இயக்கத்துக்குக் கொடுத்தார். செல்மா நகரில் அடிபட்டு ரத்தம் சிந்திய பிறகு 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அவர் புனிதர் அல்ல. மண வாழ்க்கையில் அவருக்குத் தவறுகள் உண்டு. புலனாய்வுத் துறை அவர் அறைகளில் ஒட்டுக்கேட்டு, அதை வைத்து மிரட்டிப் பெயரில்லாக் கடிதமும் அனுப்பியது. தானும் பாவி என்பதை அவர் பிரசங்கங்களில் மறைத்ததில்லை. பிறரை மதிப்பிடும்போது அவருக்கு இருந்த நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எந்த மனிதனும் அவன் செய்த மிகக் கெட்ட செயலோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அவர் நம்பிக்கையின் அடித்தளம். நேசிப்பது வேறு, பிடித்துப்போவது வேறு என்றும் பிரித்துச் சொல்வார். வீட்டுக்குக் குண்டு வைத்தவனைப் பிடித்துப்போக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அவனுக்குள்ளும் கடவுளின் சாயல் இருக்கிறது என்பதை மறக்காமல் இருக்க முடியும், அவனுக்குக் கேடு நினைக்காமல் இருக்க முடியும். அவர் சொன்ன அன்பு அதுதான்.

குப்பை அள்ளுவோரின் நகரில்

அவருடைய கடைசிப் போராட்டம் துப்புரவுத் தொழிலாளர்களுக்கானது என்பது நம் மக்களுக்கு அதிகம் தெரியாது. 1968 பிப்ரவரி 1 அன்று டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்களும் குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடியதில் நசுங்கிச் செத்தார்கள். பிப்ரவரி 12 முதல் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, சங்கத்துக்கு அங்கீகாரம் என்று கோரிக்கைகள் இருந்தாலும், அவர்கள் கழுத்தில் மாட்டிய அட்டையில் இருந்தது நானும் மனிதன் என்ற ஒரே வாக்கியம்.

கிங் அங்கே போனார். உடன் இருந்தவர்களில் சிலருக்கு விருப்பமில்லை. பெரிய வேலைகள் இருக்கும்போது இந்தச் சின்ன ஊருக்கு ஏன் என்றார்கள். குப்பை அள்ளுகிறவர் நின்றுவிட்டால் நோய் பரவும், அதனால் அவர் வேலையும் மருத்துவரின் வேலையும் ஒரே மதிப்புடையவை என்று கிங் தொழிலாளர்களிடம் பேசினார். மனிதரை மதிப்பது என்ற கிறிஸ்தவப் பாடத்தை அவர் இறங்கிப் போய்ச் சொன்ன இடம் அது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும், கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கும் நம் மக்களை நினைக்காமல் இந்தப் பகுதியைப் படிக்க முடிவதில்லை.

ஏப்ரல் 3 இரவு மெம்பிஸில் பேசினார். பத்தாண்டுகளுக்கு முந்தைய கத்திக்குத்தை அன்று நினைவுகூர்ந்தார். அப்போது மருத்துவமனைக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களில், நீங்கள் தும்மாமல் இருந்ததற்கு மகிழ்ச்சி என்று ஒரு வெள்ளைக்காரப் பள்ளி மாணவி எழுதியதைச் சொன்னார். மறுநாள் மாலை, 1968 ஏப்ரல் 4, லொரெய்ன் விடுதியின் மாடி முகப்பில் நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. ஏப்ரல் 16 அன்று மெம்பிஸ் நகர நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

தந்தையின் துயரம்

கதை அதோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு கிங்கின் தம்பி நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். 1974 ஜூன் 30 ஞாயிறு காலை, எபநேசர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அம்மா ஆல்பெர்ட்டாவை ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். சபையின் டீக்கன் ஒருவரும் செத்தார். சுட்டவனும் கறுப்பினத்தைச் சேர்ந்தவனே.

ஒரு மகனைத் துப்பாக்கிக்கும், இன்னொரு மகனைத் தண்ணீருக்கும், மனைவியைத் தன் சபையின் நடுவிலேயே துப்பாக்கிக்கும் கொடுத்த அந்தத் தந்தை, ஒரு வெள்ளையன் தன் மகனைக் கொன்றான், ஒரு கறுப்பன் தன் மனைவியைக் கொன்றான், இருவரையும் வெறுக்கத் தனக்கு நேரமில்லை என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் கொலையாளி விடுதலையாகவில்லை. வழக்கு நடந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. கிங் குடும்பம் மரண தண்டனையை எதிர்த்தது. அதுவும் ஒரு காரணமாகி 1995இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. உண்மை நீதிமன்றத்தில் பதிவாகட்டும், குற்றவாளி தண்டனை பெறட்டும், ஆனால் அவன் உயிர் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். மன்னிப்பும் நீதியும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அந்த மூதாட்டியின் கதையைப் பாதியில் விட்டேன். சமாதானக் கூட்டத்தில் அவர் கைநாட்டு வைக்கவில்லை. வழக்கு நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அன்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில் நானும் அவரோடு இருந்தேன். நல்ல கூட்டம். குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் அம்மா, முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூதாட்டி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, உட்காரம்மா என்றார். அந்த அம்மா தயங்கி உட்கார்ந்தார். ஊர் வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இறங்கி நடக்கும்போது, மன்னித்துவிட்டீர்களா பாட்டி என்று கேட்டேன். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, முதலில் தீர்ப்பு வரட்டும் என்றார். கால் வலிக்கிறவளை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்றார். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, புதிதாகக் கூரை வேய்ந்த தன் வீட்டுக்கு நடந்தார்.